வெள்ளைச் சேலைப் பேயை எழுதியவன்

போன செவ்வாய்க்கிழமை சேந்தமங்கலத்தில் கொல்லிமலை பஸ் ஏறினேன். ஜன்னலோரம் ஓர் இளைஞர். அவர் கையில் செல்போன். அதில் ஒரு வீடியோ... பஸ் முழுக்கக் கேட்கிற சத்தத்தில்.

‘சன்னலில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. ஆனால், காற்றே இல்லை!’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயத்தில் இல்லை. அந்த வாக்கியம் நான் எழுதியது. இதே பத்தியில், நான்கு வருடங்களுக்கு முன்னால். கமாவைக்கூட விடாமல் எடுத்திருந்தார்கள்.

“மர்ம பங்களாங்க. வெள்ளைக்காரத் துரையோட சம்சாரம் தூக்கு மாட்டிக்கிட்ட எடம்” என்றார் இளைஞர்.

துரையை நான் எழுதவில்லை. நான் பார்க்காத இந்த நான்கு வருடத்தில் பேய்க்குக் கல்யாணமே ஆகிவிட்டது போல. எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர் எனக்கு என் கதையையே சொல்லிக்கொண்டு வந்தார். சும்மா சொல்லக் கூடாது... என்னைவிட நன்றாகவே சொன்னார்.

சரி, நான் எதற்கு மலையேறினேன்?

அதற்கு முந்தைய வாரம் ஒரு போன் வந்தது. “ஏனுங்க, நீங்கதானுங்களா அந்தப் பேய்க் கதை எழுதுனது?” வாசகி என்று நினைத்து, குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு ‘ஆமாம்’ என்றேன்.

“அப்ப ஒரு எட்டு வந்து நீங்களே அதை அழிச்சுட்டுப் போங்க. எம் புள்ளைக்கு இது எட்டாம் மாசமுங்க.”

பெயர் சின்னப்பொண்ணு. வாசலூர்பட்டி ஏரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன ஊர். மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறார். நான் எழுதிய பேய் பங்களா அந்த ஊர் எல்லையில்தான் இருக்கிறது. பழைய கல் கட்டடம். இரண்டு வருடம் முன்பு அதைச் செப்பனிட்டு, சுண்ணாம்பு அடித்து, துணை சுகாதார நிலையமாக்கினார்களாம். நர்ஸ் அங்கேயே தங்க ஓர் அறையும் உண்டு. ஒரு நர்ஸ் வந்தார், ஒரே மாதத்தில் மாற்றல் வாங்கிப் போனார். இன்னொருவர் வந்தார், அவரும் போனார். காரணம், பேய். இப்போது மூன்றாவதாக ஒருவரைப் போட்டிருக்கிறார்கள்.

“போன மழைக்கு எங்க பங்காளி ஊட்டு மருமவளுக்கு வளைவுலயே வலி எடுத்து, பஸ்ஸுலயே பொறந்துருச்சுங்க. நல்ல நேரம், ரெண்டு உசுரும் பொழச்சுது. எம் புள்ளைக்கும் அந்த நேரம் வாய்க்குமுங்களா? கையப் புடிச்சுப் பாக்க ஒரு நர்சம்மா வேணுமில்லீங்க?”

போனை வைத்த பிறகு அந்தப் பழைய பத்தியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் விளையாட்டாக எழுதிய ஒரு பக்கம், யாரோ ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு பஸ் ஏற்றுமா? ஏற்றியிருக்கிறதே.

நான்கு வருடம் முன்பு நான் செய்த ‘கள ஆய்வை’யும் சொல்லிவிடுகிறேன். ஒரு டீக்கடை. இருபது நிமிடம். இரண்டு டீ. அங்கே நின்றிருந்த ஓர் அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். பிறகு தூரத்தில் நின்று அந்தச் சன்னலைப் பார்த்தேன். வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்திருக்கலாம்தான். கிட்டே போய்ப் பார்த்தால் பத்திக்கு விஷயம் கிடைக்காது என்று என் அனுபவம் சொல்லியது. ‘ஒரு மூதாட்டி நடுங்கும் குரலில் சொன்னார்’ என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். நீங்களும் கடிதம் கடிதமாக எழுதினீர்கள்... மறந்துவிட்டீர்களா?

இந்த முறை கிட்டே போனேன். பகல் பதினோரு மணி. சின்னப்பொண்ணு கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே சன்னலோரம் ஓர் ஆணி. ஆணியில் ஒரு வெள்ளைச் சேலை. கீழே அகல் விளக்கு, ஒரு டஜன் கண்ணாடி வளையல். அடடா, வீடியோக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

“வெள்ளைக்காரன் காலத்துல இது கொய்னா ஊடுங்க” என்றார். மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுத்த வீடு. கீழ்நாட்டுக்காரர்கள் இந்த மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே பயந்தது பேய்க்காக அல்ல, கொசுவுக்காக. துரை யாரும் இங்கே குடித்தனம் நடத்தவில்லை. வெகுகாலம் கழித்து ஒரு நர்ஸ் வந்து தங்கினார். மலை முழுக்க நடந்தே போய்ப் பிரசவம் பார்த்தவர். கடைசியில் இந்த அறையிலேயே காய்ச்சலில் படுத்து இறந்தும் போனார். சொந்தம் என்று யாரும் தேடி வரவில்லை.

வீட்டில் செத்துப்போன பெண்களுக்குச் சேலை வைத்துக் கும்பிடுவது நம் ஜனங்களின் வழக்கம். அவருக்கு யார் வைப்பது? அவர் கையில் பிறந்தவர்கள் வைக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை போட்டு, தை மாதத்தில். நர்ஸ் உடுத்தியது வெள்ளைதான் என்பதால் வெள்ளைச் சேலை.

“நான் பொறந்தது இந்த ரூமுலதானுங்க” என்றார் சின்னப்பொண்ணு.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஓர் ஊரே நன்றியோடு மாட்டி வைத்த சேலையைத்தான் நான் பேயாக்கி விற்றிருக்கிறேன். “அன்றைக்கு டீக்கடையில் அந்த அம்மா ஏன் அப்படிச் சொன்னார்?” என்று பாவம் போலக் கேட்டேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். “அது நாந்தானுங்க. அப்ப எனக்கு அம்பதுகூட ஆவுல. மூதாட்டின்னு எழுதிப்புட்டீங்க. கொரலும் ஒண்ணும் நடுங்குல.”

டூர் வருகிறவர்கள் இந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போட்டுப் போனார்களாம். சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. சண்டை போட்டார், சிரித்தார்கள். கடைசியில் ஒரு பேயைக் கிளப்பிவிட்டார். ஒரே வாரத்தில் ஒரு பயல் இல்லை. “நாலு குடிகாரனைத் தொரத்தத்தான் கெளப்புனேன். நீங்க ஊரு உலகத்துக்கே அனுப்பிச்சுட்டீங்க. இப்ப நர்சம்மாளும் வரமாட்டீங்குது. எம் வாயால எம் புள்ளைக்கே வெனை வெச்சுட்டேனுங்க” என்றார். பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள், “உடும்மா” என்றார்.

அன்று மதியமே மூன்றாவது நர்ஸ் இடத்தைப் பார்க்க வந்தார். ராசிபுரம் பக்கத்துப் பெண், சின்ன வயசு. நான் தயாராக இருந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேய் என்பது மனப்பிரமை, பகுத்தறிவு, விஞ்ஞானம் என்று கால்மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்.

“பேயெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார்... கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குங்களா?”

போய்ப் பார்த்தோம். அறைக்கும் இல்லை. கக்கூசுக்கும் இல்லை. சுண்ணாம்பு அடித்தவர்கள் தாழ்ப்பாளை மறந்திருக்கிறார்கள்.

“முன்னாடி இருந்த ரெண்டு அக்காளுங்களும் தாழ்ப்பாள் வேணும்னுதான் சார் எழுதி எழுதிக் குடுத்தாங்க. யாரும் படிக்கல. பேய்னு ஒரு வார்த்தை எழுதுனாங்க... உடனே டிரான்ஸ்பர் வந்துருச்சு.”

சின்னப்பொண்ணு இடிந்துபோய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். “இதை எங்கிட்டச் சொல்லியிருந்தா, எங்கூட்டுக் கதவுல இருக்கறதைக் கழட்டி மாட்டியிருப்பேனே கண்ணு!”

அன்று கீழே இறங்கியதும் முதல் வேலையாக, சேந்தமங்கலத்தில் ஒரு பாயின் இரும்புக் கடையில் நல்ல கனமான தாழ்ப்பாளாக இரண்டு வாங்கி, அடுத்த மலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சின்னப்பொண்ணுவிடமிருந்து போன். தாழ்ப்பாள் மாட்டியாகிவிட்டது. நர்ஸ் பெட்டியோடு வந்துவிட்டார். முதலில் சின்னப்பொண்ணு மகளைத்தான் படுக்க வைத்துப் பார்த்தாராம். குழந்தை தலை திரும்பி, நல்லபடியாக இருக்கிறதாம்.

“அப்போ இந்த வாரமே அந்தப் பேயை அழித்து எழுதிவிடுகிறேன்” என்றேன். போன் நர்ஸ் கைக்கு மாறியது.

“ஐயோ, அழிச்சுறாதீங்க சார். தனியாத் தங்கறவ நான். பேய் போயிருச்சுன்னா குடிகாரனுங்க திரும்ப வந்துருவானுங்க. தாழ்ப்பாள் ஒரு பக்கம் இருக்கட்டும், அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும்.”

பின்னால் சின்னப்பொண்ணு சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்தப் பத்தியில் நான் இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்... அந்தப் பழைய நர்ஸிடம், அம்பது வயதுகூட ஆகாத அந்த மூதாட்டியிடம்.

ஆகவே வாசகர்களே, என் திருத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடத்தில் பேய் இருக்கிறது. பாட்டிலோடு போகிறவர்களை அடிக்கும்.

பிரசவத்துக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம் - கைராசிக்காரப் பேய்!