இடப்பக்கம் படு கண்ணு

சுந்தரவல்லி டாக்டரம்மா காலமான செய்தி வந்தபோது, என் மகளை வளைகாப்பு முடித்து அழைத்து வந்து சில நாள்களே ஆகியிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண் பனியன் கம்பெனிக்குப் போகிற வழியில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் உடனே எழுந்துவிட்டாள். "நானும் வர்றேம்மா. என்னைக் கையில வாங்குனவங்க அவங்க." வயிற்றுப்பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று தடுத்துவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். டாக்டரம்மா இருந்திருந்தால் இதற்கும் ஒரு வழி சொல்லியிருப்பார்.

உங்களில் பலருக்கும் அவர் பிரசவம் பார்த்திருப்பார். எனக்கு அவர் உயிரையே திருப்பிக் கொடுத்தவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் நான் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். தூக்கத்தில் நடப்பது போன்ற நாள்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடக்கும். படுத்தால் காதுக்குள் துடிப்பு கேட்கும். பக்கத்து வீட்டுப் பனியன் மெஷின் ஓசையும் அதில் கலந்துவிடும். எது நெஞ்சு, எது மெஷின் என்றே தெரியாது. என் கணவரின் அண்ணன் மனைவி இப்படித்தான் நெஞ்சு அடிக்கிறது என்று சொல்லிச் சொல்லியே பிரசவத்தில் போய்ச் சேர்ந்தார். அவருடைய சேலைப் பெட்டி நான் படுக்கும் அறையில்தான் இருந்தது. அடுத்தது நான் என்று முடிவே கட்டிவிட்டேன். மாமியாருக்கும் அதே நினைப்புதான். இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

படுத்தபடி புரண்டால் பிள்ளைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துதான் திரும்பிப் படுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எழவும் அலுப்பு, புரளவும் பயம். அதனால் மல்லாந்தே கிடந்தேன். கண் இருட்டும், உடம்பு சில்லிட்டு வியர்க்கும். சாவு வருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் மாமியார் கூட்டிப்போக, டாக்டரம்மாவின் மேசையில் மல்லாந்து படுத்தபோதும் அதுவே வந்தது. அவர் குழாயை நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி மெல்ல வெளுத்து, பால் மாதிரி கரைந்து போயிற்று. என்னைப் பக்கவாட்டில் திருப்பக் கை வைத்தார். மாமியார் அலறினார்: "ஐயோ, புரட்டாதீங்க! கொடி சுத்திக்குமுங்க!"

வேறு டாக்டராக இருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பார். இவர் கையை எடுத்தார். என்னைத் தூக்கி உட்காரவைத்தார். பிறகு இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். "இப்பச் சரிங்களாம்மா?" என்று மாமியாரையே கேட்டார். மின்விசிறி மெதுவாகத் திரும்பி வந்தது.

"ஏனுங்க, மூத்தவளும் இப்படித்தானுங்க சொன்னா. இவளும் போயிருவாளாங்க?" மாமியார் கேட்டேவிட்டார்.

"இல்லீங்க. அவங்களுக்கு இருந்தது நெஞ்சுல வால்வு நோயிங்க. இவளுக்கு அது இல்ல. ரெண்டு உசுருக்கு ஓடுற ரத்தமுங்க, முன்னைக்கு ஒன்றரைப் பங்கு ஆகும். ரத்தக் குழாயெல்லாம் விரிஞ்சு வழி உடுது, நெஞ்சு வேகமா அடிச்சாத்தானுங்க ஈடு கட்டும். மல்லாந்து படுத்தா வயிறு பெரிய ரத்தக் குழாய அமுக்கிரும், ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பாது. அதான் மயக்கம்." என் பக்கம் குனிந்து, "இடப்பக்கம் படு கண்ணு. எந்திரிச்சு உக்காந்தே திரும்பிக்க, உங்கத்தைக்கும் நிம்மதி," என்றார்.

பிறகு குழாயை என் நெஞ்சில் வைத்து மாமியாரின் காதில் மாட்டிவிட்டார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "தறியாட்டம் ஓடுதுங்க," என்று சொல்லி அழுதுவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தச் சேலைப் பெட்டியைத் தானே வேறு அறைக்குத் தூக்கிப்போனார்.

பின்னாளில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கும் டாக்டரம்மா வருவார். கால் வீங்கிய பிள்ளைத்தாச்சிகளைக் கண்டால் வேஸ்ட் துணி மூட்டையைத் தானே இழுத்து வந்து காலுக்கடியில் தள்ளுவார். "முதலாளி கேட்டா நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க" என்பார். முதலாளியும் அவர் கையில் பிறந்தவர்தான். எங்கே வாயைத் திறப்பார்!

சாவு வீட்டிலிருந்து திரும்பித் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே போனேன். மகள் படுத்திருந்தாள். "முகத்தப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் கண்ணு. தூங்குற மாதிரிதான் இருந்தாங்க."

அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, இடப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அருகில் உட்கார்ந்து அவள் நெஞ்சில் காதை வைத்தேன். அதே வேகம், அதே ஓட்டம். ஒரு காலத்தில் என்னைச் சாகடித்த சத்தம். கேட்கக் கேட்க எனக்கு ஒரு பயமும் வரவில்லை. டாக்டரம்மா எனக்கு விட்டுப்போனது அதுதான்.