காம்பராம்மாவின் இடது கை

அக்கரப்பத்தனை பஜாரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற எனக்கு மெஷின்கள் மேல் மரியாதை கிடையாது. தினமும் பத்து மெஷினைப் பிரித்து வயிற்றைப் பார்க்கிறவனுக்கு அது எப்படி வரும்? மனிதர் சொல்வதைத் தள்ளிவிட்டு மெஷின் சொல்வதை நம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன ஐப்பசியில் காம்பராம்மா கடைக்கு வந்து மணிக்கட்டை நீட்டியபோது, விஷயத்தை முழுசாகக் கேட்பதற்கு முன்பே அவர் மகன் மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

காம்பராம்மாவின் பெயர் நாகலெட்சுமி. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் பிள்ளைக்காம்பரா. அதில் முப்பத்து நான்கு வருடம் பிள்ளை பார்த்தவர். அவருடைய புருஷன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். நெஞ்சுவலியில் அவர் போய்ச் சேர்ந்தபோது மகன் பிரதாப்புக்கு ஒரு வயது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காம்பராம்மாவை அதற்குப் பிறகுதான் காம்பராவுக்கு மாற்றினார்கள். அறுபது வயதில் ஓய்வு கொடுக்கும்வரை அங்கேதான் இருந்தார்.

நீளமான அறை. கூரைக்குக் குறுக்கே போட்ட இரும்புக் குழாயில் வரிசையாகப் பன்னிரண்டு சேலைத் தொட்டில்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் தாய்மார் பிள்ளையைக் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். பத்து மணிக்குப் பால் கொடுக்கத் திரும்ப ஓடி வருவார்கள். அதுவரை ஒன்று அழுதால் பன்னிரண்டும் அழும். காம்பராம்மா ஒரு தொட்டில் கயிற்றை ஆட்டிக்கொண்டே அடுத்ததன் வாயைத் துடைப்பார். நானும் அதில் கிடந்தவன்தான். மழைக்காலத்தில் கொழுந்து எடைபோட்டு முடிய நேரமானால், எந்தத் தாய் வரவில்லையோ அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரே எங்கள் வீட்டு வரிசையான லயம்வரை நடந்து வருவார். அவர் கழுத்தில் பால்மாவும் வெற்றிலையும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாசனை இருக்கும். என் அம்மாவின் வாசனையைவிட அதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. இதை என் அம்மாவிடம் இதுவரை நான் சொன்னதில்லை.

"இந்த வாச்சி என்னைய பொய்க்காரி ஆக்குது, கிஷாந்து" என்றார் காம்பராம்மா.

ஆடி மாதம் அவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. கிளினிக்கில் இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று சொல்லி, தினமும் ஐயாயிரம் அடியாவது நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் பிரதாப், வாச்சி மாதிரிக் கையில் கட்டுகிற, அடி எண்ணுகிற பட்டி ஒன்றை வாங்கி அனுப்பி, தன் போனிலும் கணக்குத் தெரிகிற மாதிரி செய்து வைத்திருக்கிறான். ஒரு மாதம் பார்ப்பானாம். ஐயாயிரம் வராவிட்டால் தீபாவளிக்கு முன்னால் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். காம்பராம்மா தினமும் மேல் லயத்திலிருந்து பஜாருக்கு இறங்கித் திரும்ப ஏறுகிறவர். பட்டியோ அறுநூறு, எழுநூறு என்று காட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு நா மட்டும் நாலாயிரத்து முந்நூறு வந்துச்சு. அவன் போன் எடுத்து, 'இப்பதான் ஒழுங்கா நடந்திருக்கீங்க'ன்னான். அன்னிக்கு நான் வாசப்படி தாண்டலப்பா. பக்கத்து வீட்டு சுதர்ஷினி புள்ளைய தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டு இருந்தேன்."

"இத பிரதாப் அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'மெஷின் பொய் சொல்லாதும்மா'ங்குறான். ஞாயித்துக்கெழம வேன் கொண்டாறானாம்."

பட்டியைக் கழற்றிக்கொண்டே, போக விருப்பமா என்று கேட்டேன்.

"எனக்கு என்னத்துக்கு கொழும்பு? இங்க ரோட்டுல எறங்குனா நாப்பது பேரு அம்மாங்குறாங்க. அங்க மூணாம் மாடியில கதவ சாத்திக்கிட்டு நான் யாரோட பேச?"

அன்று புதன்கிழமை. கையில் நாலு நாள் இருந்தது. நான் வேலையில் இறங்கினேன். வார் தொளதொளவென்று இருந்தது, இறுக்கினேன். பின்பக்க அழுக்கைத் துடைத்தேன். அடி எண்ணுவதற்கும் அழுக்குக்கும் சம்பந்தமில்லை, ஆனால் கை சும்மா இருக்காதே. உயரம் என்ற இடத்தில் அந்த மகராசன் தன் ஐந்தடி எட்டு அங்குலத்தையே போட்டு வைத்திருந்தான். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. அதையும் திருத்தினேன். அதனால் தூரம்தான் மாறும், அடி மாறாது. புது சொப்ட்வெயார் ஏற்றி, நிறுத்தித் திரும்பப் போட்டேன். பிறகு என் கையில் கட்டிக்கொண்டு ஹசன் நானாவின் பேக்கரிப் பக்கம் நூறு அடி எண்ணி நடந்தேன். தொண்ணூற்றெட்டு காட்டியது. மெஷினில் பழுதில்லை.

அதே பட்டியை அம்மாவின் கையில் கட்டி, அதே ரோட்டில் நூறு அடி நடக்க வைத்தேன். பதினொன்று காட்டியது.

இரண்டாம் முறை நடக்கச் சொல்லிவிட்டு, பட்டியை விட்டு ஆளைப் பார்த்தேன். வலது கையில் குடை. இடது கை முழங்கையில் மடங்கி, உள்ளங்கை மேல் பார்த்து, விலாவோடு ஒட்டி இருந்தது. இடுப்பு கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருந்தது. அந்தக் கை அசையவே இல்லை. இடுப்பில் பிள்ளை மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. கடைக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இந்தப் பட்டி காலைப் பார்ப்பதில்லை. கை முன்னும் பின்னும் போய்வருவதை வைத்துத்தான் அடி என்று எண்ணுகிறது. தொட்டில் கயிற்றை ஆட்டினால் நடக்கிறார் என்று நினைக்கும். கையை மடக்கிக்கொண்டு மலையே ஏறினாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கும். விளங்கப்படுத்தியதும் காம்பராம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப கைய வீசி நடங்கம்மா."

நடந்து பார்த்தார். போலீஸ்காரர் மாதிரி கையை வீசினார். ஹசன் நானா பேக்கரி வாசலில் நின்று, "சல்யூட் வைக்கவா லெட்சுமி அக்கா?" என்று கேலி செய்தார். அம்மா பத்து அடிகூடப் போயிருக்க மாட்டார், கை பழைய இடத்துக்கே போய்விட்டது.

"வரல கிஷாந்து. கைய வீசிக்கிட்டுப் போனா எதையோ விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார்.

வலது கைக்கு மாற்றலாம் என்றால், எங்கள் ஊர் மழைக்குக் குடையை யார் பிடிப்பது? கடைசியில் நீளமான வார் ஒன்றைத் தேடிப் பிடித்து, பட்டியைக் கணுக்காலில் கட்டி, மேலே சொக்ஸ் போட்டுவிட்டேன். நூறுக்குத் தொண்ணூற்றேழு. வியாழன் ஏழாயிரத்து நூறு, வெள்ளி ஆறாயிரத்து எண்ணூறு, சனி ஏழாயிரத்து ஐந்நூறு. வழக்கில் ஜெயித்த வக்கீல் மாதிரி ஞாயிற்றுக்கிழமை நான் மேல் லயத்துக்கு ஏறினேன்.

பிரதாப் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வயது, முன்தலை வழுக்கை. கணக்கைக் காட்டினேன்.

"கால்ல கட்டி ஆட்டிவிட்டா எத்தனையும் வரும்" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில், பட்டியைக் கழற்றி அம்மாவின் இடது கையில் கட்டினேன். "அண்ணே, ஒங்க மெஷினையும் நம்ப வேணாம், என்னையும் நம்ப வேணாம். அம்மா பின்னாலேயே போயி நீங்களே எண்ணுங்க" என்றேன்.

லயத்துக்கு முன்னால் உள்ள பாதையில் காம்பராம்மா நடந்தார். பிரதாப் பின்னால் சத்தமாக எண்ணிக்கொண்டே போனான். நாற்பது வரை கேட்டது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். அவன் பாதையில் அப்படியே நின்றுகொண்டு, முன்னால் போகிற அம்மாவின் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கை இன்னும் எறங்கலையா?" என்றான்.

அவன் முகத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை. ஜெயித்த திமிர். "அதத்தானே சொல்றேன்! கை அசையாததாலதான் வாச்சி எண்ணல. அம்மா நல்லா நடக்குறாங்க, கூட்டிக்கிட்டுப் போக வேண்டியதில்ல."

"அவங்க நடக்குறாங்கன்னு எனக்கு நீ சொல்லித் தெரியணுமாடா?" என்றான் பிரதாப். "மூணு வயசுலேர்ந்து அவங்க பின்னாலதான் நடந்தேன். ஒரு நாளு அழகன், ஒரு நாளு தர்ஷன், ஒரு நாளு நீ. அந்த இடுப்பு எனக்குன்னு ஒரு நா காலியா இருந்ததில்ல. நான் சேலைய புடிச்சுக்கிட்டு வருவேன். மழையில அதுவும் வழுக்கும். இப்ப ஒங்க எல்லாருக்கும் அம்மா வேல முடிஞ்சிருச்சு. இனியாவது எங்கூட இருங்கன்னு கேக்க வாய் வரல. அதுனாலதான் ஐயாயிரத்த கேட்டேன்."

அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேன் நிற்கும் பக்கம் இறங்கிப் போனான். வெட்கமாக இருந்தது. அவன் அப்படி நடந்து வந்த எத்தனையோ சாயந்தரங்களில் நான் அந்த இடுப்பில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்ட காம்பராம்மா திரும்பி வந்து, பட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. பின்னாலேயே போனேன்.

"அம்மா, நான் அண்ணன்கிட்ட பேசுறேன். ஒங்களுக்குப் போக இஷ்டமில்லன்னு சொல்றேன்."

"இஷ்டமில்லதான்" என்றார். சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். "காம்பராவுல எல்லா புள்ளையும் அழுவும், கிஷாந்து. அழுவுறத பாத்துத்தான் தூக்கணும், வேற வழியில்ல. இவன் அழ மாட்டான். நல்ல புள்ள, நல்ல புள்ளன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தேன்."

பெட்டியை மூடினார்.

"இன்னைக்குத்தான் அழுறான். தள்ளு, நான் போகணும்."