பத்தொன்பது வயது அக்கா

எங்கள் வீட்டு பீரோவில், ரேஷன் அட்டையும் ஆதார் நகல்களும் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மஞ்சள் அட்டையும் இருக்கிறது. ஓரமெல்லாம் நைந்து, மடித்த இடத்தில் செலோ டேப் ஒட்டியது. உள்ளே இரண்டு வரிசையாகக் கட்டங்கள். இடது பக்கம் ‘மூத்தவர்’ என்றும் வலது பக்கம் ‘இளையவர்’ என்றும் அச்சடித்திருக்கும். இடது வரிசையில் மேலிருந்து கீழ்வரை கையெழுத்து இருக்கிறது. வலது வரிசையில் நடுவே ஏழு கட்டங்கள் காலி. போன சனிக்கிழமை காலையில் அதை எடுத்து என் மகள் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று அவளிடம் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் அவளுக்கும், அவளைப் போலக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நான் எழுதிப் பழகியவன் இல்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். டிகிரி இருந்தால் சூப்பர்வைசர் ஆகலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். எந்த டிகிரியாக இருந்தாலும் சரியாம். ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில், மதியத்துக்கு மேல் நடக்கிற இரண்டாம் ஷிப்டில், பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். காலை ஆறு முதல் இரண்டு வரை லேத், அதன் பிறகு வகுப்பு. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்று “குட் ஆஃப்டர்நூன் சார்” என்றது. நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்து ஒரே சிரிப்பு. “மச்சான், நம்ம கிளாஸுக்கு ஒரு அங்கிள் வந்துகீறாரு டா” என்று ஒருவன் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. என் கைவிரல் இடுக்கில் இருந்த ஆயில் கறையை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டேன்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. முதலாண்டு சேருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டாம் ஆண்டிலிருந்து ஒருவரைத் துணையாகச் சேர்த்துவிடுவார்கள். சனிக்கிழமை நாலரையிலிருந்து ஐந்தரை வரை இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். படிப்பு, வீடு, பயம், எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். பேசி முடித்ததும் அட்டையில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணையாக வருகிறவர் பையன் என்றால் அண்ணா, பெண் என்றால் அக்கா. எனக்கு வாய்த்த அக்காவுக்குப் பத்தொன்பது வயது.

அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் பழைய விவசாயக் குடும்பம் அவருடையது. நிலமெல்லாம் வீடுகளாகி, வாசலில் ஒரே ஒரு கொய்யா மரம் மிச்சம். அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். முதல் சனிக்கிழமை சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து சிமென்ட் பெஞ்சில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இன்னாணா இது, எங்க சித்தப்பா மாதிரி கீற. உன்ன வெச்சிகினு நான் இன்னா பண்றது?” என்றார். பிறகு பையிலிருந்து இரண்டு கொய்யாக்காய் எடுத்து, பெரியதை என்னிடம் நீட்டினார். “சரி, துன்னு. ரூல்ஸ் ரூல்ஸுதான். என்ன அக்கான்னுதான் கூப்புடணும்.” விளையாட்டாகத்தான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அவர் எனக்குப் பாடம் நடத்தவில்லை. எனக்கு இங்கிலீஷ் என்றால் உதறல் என்று தெரிந்ததும், “உன் கம்பெனில இங்கிலீஷ்ல எழுதி ஒட்டிகிறது எதுனா இருந்தா எழுதிகினு வா” என்றார். மெஷின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கை வாசகங்களை ஒரு நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போவேன். வார்த்தைக்கு அவர் அர்த்தம் சொல்வார். அந்த வார்த்தை குறிக்கிற பொருள் மெஷினில் எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்று நான் சொல்வேன். ஓடுகிற லேத்தில் சட்டைக் கை மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொன்ன நாளில், அவர் கொய்யாக்காயைக் கடிக்காமல் அப்படியே கையில் வைத்திருந்தார்.

முதல் செமஸ்டர் முடிவு வந்தது. இரண்டு பேப்பர் போய்விட்டது. அதில் ஒன்று இங்கிலீஷ். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பாஸாகி நிற்கிற இடத்தில், கைக்குழந்தைக்காரன் ஃபெயிலாகி நின்றேன். வகுப்புக்கு விட்டு விட்டுப் போனேன். சனிக்கிழமை போவதை அடியோடு நிறுத்தினேன். அக்கா ஏமாந்து போவாரே என்று எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால், இளையவர் வராவிட்டால் அவருடைய கையெழுத்தையும் மூத்தவரே போட்டுவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். வருஷ முடிவில் கட்டங்கள் நிறைந்திருந்தால்தான் மூத்தவருக்கு மேடையில் சான்றிதழ். என் கையெழுத்தையும் அக்காவே போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஏழு வாரம் கழித்து, படிப்பே வேண்டாம் என்று முடிவு செய்து, டி.சி. கேட்டு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன். அன்றும் சனிக்கிழமைதான். ஆபீசில், “மொதல்ல உன் துணை அட்டைய ஒப்படைச்சிட்டு வாப்பா” என்று அனுப்பிவிட்டார்கள். துறை வாசலில் ஒரு தகரப் பெட்டியில் எல்லோருடைய அட்டைகளும் கிடந்தன. தேடிக்கொண்டே வந்தேன். மற்ற அட்டைகளில் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. பல அட்டைகளில் ஒரே பேனா. என் அட்டையைத் திறந்தேன். நான் வராத ஏழு வாரத்துக்கும் இடது பக்கம் அக்காவின் கையெழுத்து, ஒவ்வொன்றின் கீழும் பொடி எழுத்தில் ‘4.30 – 5.30’. எதிரே என் பக்கம் காலி.

அட்டையோடு சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மணி ஐந்து ஆகியிருக்கும். அதே பெஞ்சில், மடியில் புத்தகத்தோடு அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு கொய்யாக்காய். நிமிர்ந்து பார்த்து, “வாண்ணா” என்றார், போன வாரம்தான் பார்த்தது போல.

“இத்தனை வாரமும் வந்தீங்களா?”

“பின்ன? ரெண்டு காயையும் நானே துன்னுட்டு வவுத்த வலி வந்ததுதான் மிச்சம்.”

பேனாவை எடுத்து, “இருங்கக்கா, ஏழு கட்டத்துலயும் போட்டுடறேன். உங்க சர்ட்டிபிகேட்டு போயிடும்” என்றேன். அவர் அட்டையை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். “நீ வரல. வராத நாளுக்கு இன்னாத்துக்கு கையெழுத்து? இன்னிக்கு வந்துகீற இல்ல, இன்னிக்குப் போடு.” பிறகு பையைத் துழாவி அவருடைய முதல் செமஸ்டர் மார்க் ஷீட்டை எடுத்து என் மடியில் போட்டார். “உனுக்கு ரெண்டுதான். எனுக்கு மூணு ஊத்திகிச்சு. ஊட்ல நாலு நாள் சோறு துன்னாம அழுதேன். எங்கம்மாவுக்கு இன்னி வரிக்கும் எதுக்கு அழுதேன்னு தெரியாது.”

அதைக் கேட்டதும் நான் சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை. அந்த ஏழு காலிக் கட்டங்களுக்கு அடுத்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். டி.சி. கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்து, துவைக்கிற தண்ணீரில் கரைந்து போனது.

வருஷ முடிவு விழாவில் மேடையில் அக்காவின் பெயரைக் கூப்பிடவில்லை. சான்றிதழ் வாங்கப் போகிறாள் என்று அவருடைய அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம். அக்கா விழா முழுக்க என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் கை தட்டினார். அந்தக் கைதட்டலின் நடுவில் ஒருமுறை மட்டும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். பார்க்காதது போல இருந்துவிட்டேன். வெளியே வந்ததும் அட்டையை என்னிடம் கொடுத்தார். “நீயே வெச்சிக்கோணா. எங்க ஊட்ல வெச்சா எங்கம்மா அடுப்பு பத்த வெச்சிரும்.”

நான் தட்டுத் தடுமாறி நாலு வருஷத்தில் டிகிரி முடித்தேன். சூப்பர்வைசர் வேலை வேறு ஒருவருக்குப் போய், பிறகு தாமதமாகத்தான் எனக்கு வந்தது. அக்காவைக் கடைசியாகப் பார்த்தது திருவேற்காட்டில், பூந்தமல்லிக்குப் போகிற ஷேர் வேனில். இடுப்பில் ஒரு குழந்தை. “மாமாக்கு வணக்கம் சொல்லு. நான் இவுருக்கு அக்கா” என்றார். நரைத்த என் தலையையும் தன் அம்மாவையும் அந்தக் குழந்தை மாறி மாறிப் பார்த்தது.

இப்போது என் மகள் வானகரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்குக் கீழே ஒரு முதலாண்டுப் பெண்ணைச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அட்டை இல்லை, செல்போனில் ஆளுக்கொரு டிக் போட்டால் போதும். மூன்று வாரமாக அந்தப் பெண் வரவில்லை. “எல்லாரும் ஜூனியர் வந்த மாதிரி டிக் போட்டுடறாங்கப்பா. நானும் போட்டுடவா?” என்று கேட்டாள். நான் பீரோவைத் திறந்து அட்டையைக் கொடுத்தேன். காலிக் கட்டங்களை எண்ணி, அவற்றுக்கு எதிரே எழுதியிருந்த நேரங்களைப் படித்தாள். “இந்த ஏழு வாரமும் அவங்க தனியாவா உக்காந்திருந்தாங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. “அந்தப் பொண்ணு இன்னிக்கும் வரலப்பா. அஞ்சரை வரைக்கும் இருந்தேன். எனக்கு மட்டும் டிக் போட்டுட்டு வரேன்.” பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. சரிம்மா என்று வைத்துவிட்டு, மேசைமேல் இருந்த மஞ்சள் அட்டையை எடுத்தேன். உறைக்குள் வைப்பதற்கு முன் அந்த ஏழு காலிக் கட்டங்களையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.