எஞ்சினை ஒட்டிய அறை

தேவதானப்பட்டிச் சாலையில் வண்டி மாடுகளை அவிழ்த்துவிட்டு இளைப்பாறுகிறோம். குடும்பத்தோடு ரங்கூனுக்குக் கப்பலேறப் போகிறோம். கைக்குழந்தைக்குக் கடற்காற்று ஆகாது என்று, கீழ்த்தட்டில் எஞ்சினை ஒட்டிய அறையைக் கப்பல் ஏஜெண்டிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கிணற்றில் எங்களுக்குத் தண்ணீர் இறைத்துத் தரும் உள்ளூர்ப் பெண்ணிடம் என் மனைவி இதைப் பெருமையாகச் சொல்கிறாள்.

அவள் இறைப்பதை நிறுத்திவிடுகிறாள்.

"அந்த அறை வேணாம் ஆத்தா. நாங்களும் ரங்கூனுக்கு அப்படி ஒரு அறையிலதான் போனோம். புயல் வருதுன்னு கதவ வெளியில பூட்டிட்டாக. அந்த அனல்ல எம்புள்ள மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. கடல்லதான் போட்டாக."



"கதவத் தட்டலையா?" என்கிறேன். கேட்ட பிறகுதான், இதையெல்லாம் கேட்கலாமா என்று உறைக்கிறது.

"கை கிழியத் தட்டுனோம்யா. எஞ்சின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

என் மனைவி குழந்தையை மாரோடு இறுக்கிக்கொள்கிறாள்.

"மழையோ காத்தோ, நாம மேல்தட்டுலயே இருந்துக்கிருவோம்" என்கிறாள்.

தலையாட்டுகிறேன். மாடுகளைப் பூட்டும்போது பூட்டாங்கயிறு என் பிடியிலிருந்து இரண்டு முறை நழுவுவதைப் பார்த்து, அந்தப் பெண்ணே வந்து அதை முடிந்துவிடுகிறாள்.