விரிப்பு போன வழி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘ஏன் அக்கா’ என்று பெயர். எதைச் சொன்னாலும் முதலில் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் கையை நனைப்பாள். பத்தொன்பது வருடமாக அங்கே மேற்பார்வையாளர். அவளுக்குக் கீழே ஆறு பெண்கள்.

ஒரு திங்கட்கிழமை நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். மூன்று மாதமாக, மதியம் தாண்டியும் துவைத்த விரிப்பு வார்டுக்கு வருவதில்லை என்று புகாருக்கு மேல் புகார்.

“மெஷின் கிழடாயிடுச்சும்மா. வேலைய வெளியாளுங்ககிட்ட குடுத்திடலாம்னு இருக்கோம்.”

அப்படியானால் கீழே இருக்கும் ஆறு பேருக்கும் வேலை போய்விடும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “மெஷின்தான் காரணம்னு யார் சார் பார்த்தது?”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். “யாரும் பார்க்கல. நீங்களே பார்த்துச் சொல்லுங்க. ஒரு வாரம் தர்றேன்.”

ஆறு பேரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனதும் கணவனிடம் பொருமினாள். அவன் பஸ் மெக்கானிக். “துணி காயறதுலதான் லேட்டாகுது. உலர்த்தற மெஷின் இன்னொண்ணு வாங்கினா எல்லாம் சரியாயிடும்” என்றாள்.

“நீயும் பார்க்காமதானே சொல்ற?” என்றான் அவன். “வண்டி இழுக்கலன்னா எடுத்த எடுப்புல என்ஜினக் கழட்டிடுவேனா? ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கைவைப்பேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் பத்து விரிப்புகளின் மூலையில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு இரண்டாம் மாடி வார்டுக்கு அனுப்பினாள். கட்டிலிலிருந்து எப்போது உருவினார்கள், எங்கே கிடந்தது, யார் தொட்டார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே பின்னால் போனாள். வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்ட் பக்கத்தில் அழுக்குத் துணி வண்டி அனாதையாக நின்றதைப் பார்த்தபோது தள்ளிவிடக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள். பார்க்க வந்தவள் கைவைத்தால் பார்த்ததற்கே அர்த்தமில்லை.

நான்காம் நாள் நோட்டைக் கூட்டிப் பார்த்தாள். துவைத்து, உலர்த்தி, மடிக்க இரண்டரை மணி நேரம். கட்டிலிலிருந்து மறுபடி கட்டிலுக்கு வரவோ பதினோரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் துணி சும்மா கிடந்திருக்கிறது, அதிலும் பெரும்பகுதி லிஃப்ட் வாசலில்.

“காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் சாப்பாட்டு வண்டி மட்டும்தான் ஏத்தணும்னு உத்தரவு” என்றார் லிஃப்ட்காரர். “எட்டுக்கு மேல ஸ்ட்ரெச்சர் வந்துடும். மூணு மாசமா இதே கதைதான்.”

இன்னொன்றும் இடித்தது. பத்தில் ஏழுதான் திரும்பி வந்திருந்தன. தலைமை நர்ஸிடம் கேட்டாள். அந்தம்மா கதவைச் சாத்திவிட்டு அலமாரியைத் திறந்தார். உள்ளே விரிப்புகள் அடுக்கடுக்காக இருந்தன.

“நாளைக்கு வருமோ வராதோன்னு பயம், அக்கா. எல்லா வார்டுலயும் இப்படித்தான்.”

வெள்ளிக்கிழமை, காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்த வழியை அதிகாரி மேசையில் விரித்தாள். அவர் விரலை வைத்துக் கொண்டுபோய் லிஃப்ட் அருகே நிறுத்தினார்.

“அப்போ மெஷின்?”

“அது பாவம் சார், தன் வேலையப் பார்த்துட்டுதான் இருக்கு. அழுக்குத் துணி காலைல அஞ்சரைக்கே, சாப்பாட்டு வண்டிக்கு முன்னாடி இறங்கட்டும். வேற எதையும் மாத்த வேண்டாம். வார்டு அலமாரில பதுக்கி வச்ச விரிப்புங்க பக்கமும் போகாதீங்க. துணி நேரத்துக்கு வந்தா அதுங்க தானா வெளிய வரும்.”

அடுத்த வாரமே ஒன்பது மணிக்கு வார்டில் விரிப்பு இருந்தது. பதுக்கியவை ஒவ்வொரு வார்டாக வெளியே வந்தன. பிரசவ வார்டு மட்டும் ஒரு மாதம் நம்பாமல் பிடிவாதமாக இருந்தது. மூன்றாம் வாரமே, வெளியாட்கள் பேச்சைக் கைவிட்டதாக அதிகாரி எழுத்திலேயே கொடுத்துவிட்டார்.

அந்தக் கடிதத்தை அவள் ஆறு பேருக்கும் படித்துக் காட்டினாள். வயதில் மூத்தவள் பொத்தென்று ஈரத் துணிக் குவியல்மேல் உட்கார்ந்தாள்.

“வேலை போகப்போகுதுன்னு வீட்ல எப்படிச் சொல்றதுன்னு மூணு வாரமா முழுங்கிட்டு இருந்தேன்” என்றாள். “இனிமே சொல்லவே வேண்டாம்.”

“புடவை நனையுது, எந்திரி” என்றாள் ஏன் அக்கா.

“நனையட்டும்” என்று மூத்தவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.