கை காயும் வரை

பெயர்தான் அண்டா; ஆள் என்னவோ அண்டாவைக் கிளறுகிற கரண்டிக் காம்பு. காற்றடித்தால் வேனைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சாப்பாட்டை அந்த வேனில் அள்ளிப்போய் முதியோர் இல்லத்தில் சேர்ப்பது அவர் வேலை. மண்டபத்துக்காரர்கள் லேசில் தரமாட்டார்கள். யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் போலீஸ் வந்துவிடுமாம். அதற்குக் குப்பையில் கொட்டுவது மேலாம்.

இல்லத்தை நடத்தும் அம்மா மண்டபத்துக்காரர்களுக்கும் ஒரு படி மேல். ஒருமுறை கெட்டுப்போன சோறு வந்து, கட்டிடமே கக்கூஸ் வாசலில் வரிசை கட்டி நின்றதிலிருந்து அங்கே ஒரு சட்டம். கொண்டுவந்தவர் முதலில் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட கை காயும் வரை அந்தம்மா எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். ஆள் சாயவில்லை என்றால்தான் பந்தி.

"இன்னும் இருக்கீங்களாண்ணே?" என்பார்.

"எமன் வந்தான்மா. இந்த எலும்புக்கு எதுக்கு எருமைன்னு திரும்பிட்டான்."

அண்டா இன்னொரு மனுஷரோடு உட்கார்ந்து சாப்பிடுவது அப்போது மட்டும்தான். மனைவி போன பிறகு வீட்டில் ஒரே தட்டு. பேச்சுத் துணைக்கு ஒரு பல்லி, அதுவும் மனசு வந்தால்தான். அதனால் அந்தம்மா அசந்த நேரம் டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துக்கொள்வார். கை காயவே காயாது.

பிறகு யாரோ புண்ணியவான் இல்லத்துக்குச் சூடு பார்க்கும் கம்பி வாங்கிக் கொடுத்தார். பாத்திரத்தில் குத்தினால் நம்பர் காட்டும். இனி அண்ணன் சாப்பிட்டு அவதிப்பட வேண்டாம் என்றார் அந்தம்மா, நல்ல மனசோடுதான். அண்டா வாசலிலேயே பாத்திரத்தை இறக்கிவிட்டுத் திரும்பினார். அன்றைக்குப் பல்லியும் வாய் திறக்கவில்லை.

அடுத்த கல்யாணச் சாப்பாட்டுக்குக் கம்பி நல்ல நம்பர்தான் காட்டியது. அண்டாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. குழம்பு லேசாக வாடை அடிக்கிறது, வேண்டுமானால் தின்று பார்க்கிறேன் என்றார்.

அந்தம்மா முகம் மாறிவிட்டது. சந்தேகம் வந்த பிறகு தின்று பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். உள்ளே பெரியவர்கள் பசியில் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் வேறு எதுவும் இல்லை.

"கொட்டாதீங்கம்மா. குழம்பு தங்கமா இருக்கு. பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"வீட்ல தனியா தின்னா இறங்க மாட்டேங்குது."



"இதுல நான் எதண்ணே நம்புறது?"

அந்தம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். எதிரில் உட்காரவில்லை. கதவோரம் நின்று குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்டா சாப்பிட்டார். டம்ளர் நிறையத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே தட்டுச் சத்தம் ஏறியது. அவர் கையை வாய்க்கு நேரே தூக்கி, ஊதி ஊதிக் காயவைத்தார்.