கொலுசில் நான் அடித்த எண்

என் தாய்மாமன் திண்டுக்கல்லில் வெள்ளி வேலை செய்தவர். எங்கள் வீடு நத்தத்தில். அப்பாவுக்குத் தச்சு வேலை. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது மாமா தன் கையாலேயே ஒரு ஜோடி கொலுசு செய்து எனக்குப் போட்டுவிட்டார். போடும்போதே அம்மாவிடம் சொன்னார்: "நூத்துக்கு எம்பது வெள்ளிதான்க்கா, மிச்சம் செம்பு. சுத்த வெள்ளியில செஞ்சா இவ ஆடுற ஆட்டத்துக்கு ரெண்டு நாளு தாங்காது."

பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவளுக்குக் கடைக் கொலுசு. அதன் கொக்கியில் பொடி எழுத்தில் 925 என்று அடித்திருக்கும்; நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை வெள்ளி என்று அர்த்தம். அது இருந்தால்தான் உசத்தி வெள்ளி, இல்லாததெல்லாம் ஈயம் என்று வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டாள். எனக்கு மானமே போயிற்று.

காலாண்டு விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போனேன். பட்டறையில் எண் அடிக்கிற ஆணிகள் ஒரு டப்பாவில் கிடக்கும். மாமா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, கொலுசைக் கழற்றி இரும்புப் பட்டடைமேல் வைத்து, ஒன்பது, இரண்டு, ஐந்து என்று மூன்று ஆணிகளை எடுத்து ஒவ்வொன்றின்மேலும் சுத்தியலால் ஒரு அடி போட்டேன். எண்கள் கோணலாகத்தான் விழுந்தன. ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தை மாதம் ஒரு கண்ணி அறுந்துபோனது. பற்ற வைத்து வரலாமென்று அப்பா அதை ஒரு பெரிய நகைக்கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் தரம் பார்க்கிற மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, வெள்ளி எண்பதுதான், தொண்ணூற்றிரண்டரை என்று பொய் முத்திரை அடித்திருக்கிறார்கள் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

"எம்பதுன்னு சொல்லித்தானே போட்டான்" என்றாள் அம்மா.

"அப்ப இந்த நம்பர எதுக்கு அடிச்சான்? ஊருக்கெல்லாம் இப்புடித்தான் அடிச்சு விக்கிறானா?" என்றார் அப்பா.

அம்மா கொலுசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான், கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் மாமாவை வரவழைத்தார்கள். கொலுசை வாங்கி, எண்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை.

"நாந்தான் மச்சான் அடிச்சேன். புத்தி கெட்டுப்போச்சு."

அம்மா அழுதாள். மாமா தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

அப்பா சும்மா இருக்கவில்லை. சொந்தபந்தம் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். மாமாவிடம் நகை செய்து வாங்கியவர்களெல்லாம் மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் குறையில்லை, ஆனாலும் மறுபடி யாரும் அவரிடம் வரவில்லை. மாமா பட்டறையை மூடிவிட்டுச் சேலத்துக்குக் கூலி வேலைக்குப் போனார். நான் பெரியவளானபோது தாய்மாமன் சீரை ஒன்றுவிட்ட மாமா கொண்டுவந்தார். அந்தத் தட்டை அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. நடந்ததை நான் அம்மாவிடம் சொன்னபோது மாமா போய்ச் சேர்ந்திருந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வெள்ளியில் விழுந்த அடி யார் கையடி என்று தொட்டதுமே சொல்லிவிடுகிற மனிதர் அவர். அன்று எனக்கு அது தெரியவில்லை. பாவம், மாமாவுக்கு மறதி, தானே அடித்ததாக நினைத்துக்கொண்டார் என்று எண்ணி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போனேன்.